மாசி மாதத்து ரதி

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் நாளிலே, மாத்தளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயங்களுக்குச் சற்று அப்பாலுள்ள வெளியில் ஒரு கம்பம் நடப்படுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். கரும்பும் ஆமணக்கும் பிறவும் சேர்த்துக் கட்டி, வைக்கோற் பிரி சுற்றிய கம்பம் அது. அதுவே காமன். அது நின்ற இடம் அன்று முதல் காமன் பொட்டல். பகலெல்லாம் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமாக மலையேறி இறங்கிய மக்கள், இருட்டியதும் தப்பின் ஒலி கேட்டு அங்கே கூடுவர். பெளர்ணமி வரையில் கூத்துக்கான பாடலும் ஆட்டமும் பயிற்சியும் நடைபெறும். பெளர்ணமி இரவிலே ரதியும் மன்மதனும் முடி தரித்து, அணி பூண்டு, அரங்கிற்கு வருவர்.

அந்த ரதி ஓர் ஆடவன்.

இதை வியப்போடு சொல்ல வேண்டியவர்கள் நகரத்தில் இருக்கலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இது ஒரு செய்தியே அன்று. நேற்றுக் காலைப் பிரட்டுக் களத்தில் பேர் போட்டுக்கொண்டு கவ்வாத்து மலைக்குப் போன இளைஞன், இன்றிரவு சேலையும் வளையலும் பூண்டு ரதிதேவியாக நிற்கிறான். அவனை நேற்றுப் பெயர் சொல்லி அழைத்த பாட்டியே இன்று கைகூப்பித் திருநீறு வாங்கிக்கொள்கிறாள். அவள் மனத்தில் குழப்பம் எதுவும் இல்லை. குழப்பமெல்லாம் நம்மைப் போல் எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்குமே.

இப்பொழுது இதனை எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். அண்மைக் காலமாக நம் வீட்டுப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் ஒருவகை உரையாடல் நிகழ்ச்சி வந்து போகிறது. பெண் வேடம் பூண்ட ஆடவர்கள், முழு ஒப்பனையோடும் எடுப்பான கேசத்தோடும் நாற்காலியில் அமர்ந்து, உலகத்து விஷயங்கள் அனைத்தையும் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகின்றனர். இக்கலைக்கு மேல்நாட்டார் இட்ட பெயர் 'டிராக்' என்பது. பெற்றோர் சிலர் இதைக் கண்டு கலங்குகின்றனர், "இது எந்த நாட்டு வழக்கம்?" என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே. விடை தேடித் தூர தேசம் போவதற்கு முன், நம் காமன் பொட்டலையே ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நலம் என்று தோன்றிற்று.

விரதம் இருக்கும் வேடம்

காமன் கூத்தின் கதையை அறியாதவர் சிலரே. சிவபெருமான் யோகத்தில் அமர்ந்துவிடுகிறார். தேவர்களுக்கு அவரது தவம் கலைய வேண்டியிருக்கிறது. மன்மதனுக்குத் தூது வருகிறது. ரதி தீய கனாக் கண்டு தடுக்கிறாள். கணவனோடு தர்க்கமும் செய்கிறாள். அவன் கேளாமற் சென்று கரும்பு வில்லை வளைத்து மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, காமன் சாம்பலாகிறான். பின்பு ரதியின் புலம்பல். அவளுடைய கண்ணீருக்கு இரங்கி, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மன்மதன் உயிர்ப்பிக்கப்படுகிறான்.

இக்கதையில் அம்பு எய்கிறவன் மன்மதன்; எரிக்கிறவர் சிவன். ஆயினும் கூத்தைத் தாங்குகிறவள் ரதியே. தடுத்தும் தர்க்கித்தும் புலம்பியும் ஊராரை அழவைத்தும் கடைசியில் வரம் பெறுகிறவள் அவள்தான். ஆகையால் ரதியாக ஆடுவதற்கு எவனையும் பிடித்துச் சேலை கட்டிவிட முடியாது. குரல் வேண்டும், இரவெல்லாம் ஆடும் கால் வேண்டும், அழத் தெரிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, காப்புக் கட்டிக்கொண்டு விரதம் காக்கும் மன உறுதி வேண்டும். மச்சமாமிசம் விலக்கி, மது விலக்கி, இல்லறத்தினின்றும் விலகியிருந்தே அவ்வேடத்தைத் தாங்குவது மரபு. ரதியும் மதனும் லயத்து வாசல்தோறும் வருகையில், வாசலைக் கூட்டித் தெளித்து, தட்டிலே காணிக்கை வைத்துக் காத்திருப்பவர் அந்த வேடத்தை வேடமாக நினைத்துக் காத்திருப்பதில்லை.

பெண்கள் இருக்கையில் ஆண் ஏன் ரதியாக வேண்டும் என்று கேட்கலாம். இரவுக் கூத்து, ஊர் வாய், பெண் மேடையேறுவதை இழிவாகக் கருதிய பழைய மனப்பான்மை ஆகிய அனைத்தும் காரணங்களே. அவற்றை நாம் பெருமைக்குரியனவாகச் சொல்ல வரவில்லை. பகல் முழுவதும் மலையில் உழைத்த பெண்ணுக்கு இரவிலே மேடை மறுக்கப்பட்டது என்பதே அதன் மறுபக்கம். ஆனால் காரணம் எதுவாயினும் விளைவு ஒன்று உண்டு: ஓர் ஆணின் உடல் பெண்மையைத் தாங்கி நிற்பதைக் கேலியின்றிப் பார்க்கும் கண், மாசி மாதத்துப் பதினைந்து நாட்களுக்காவது, தோட்டத்து மக்களுக்கு வாய்த்தது.

இந்தக் கூத்து மலைநாட்டிலே முளைத்ததன்று. கோப்பிக் காலத்திலே தமிழகத்துக் கிராமங்களினின்று புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை வந்தடைந்த மக்கள், மூட்டை முடிச்சுகளோடு காமனையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் சுமந்து வந்தனர். வழியில் மாண்டோர் தொகை பெரிது. அவ்வழி நடையை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலைக் கடைசியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவெய்தியதை வாசகர்கள் அறிவார்கள். மாத்தளை முத்துமாரியம்மனின் தேர் உலா வருவதும் இதே மாசி மாதத்தில், மகத்தை ஒட்டியே. தேர் நகரத்துக்கு, காமன் தோட்டத்துக்கு. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் லட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றின. அவர்களுள் காமன் வாத்தியார்களும் ரதிகளும் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய கல்வி எதுவும் வேண்டியதில்லை.

இன்னும் பழைய கதை

காமனுக்கும் இந்த வேடத்துக்கும் உள்ள உறவு கூத்தோடு நிற்பதில்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி ஆடிய பதினோராடல்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று 'பேடு'. வாணாசுரனின் நகரிலே சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்பதற்காகக் காமன் பேடி வேடம் பூண்டு ஆடிய ஆடல் அது. காமதேவனே ஒருகாலத்தில் ஆணுமற்றுப் பெண்ணுமற்ற கோலம் தாங்கினான். அந்த ஆடலை ஒரு பெண் புகார் நகரத்து இந்திரவிழாவில் ஆடிக் காட்டினாள். ஆண் பேடியாகி ஆடியதைப் பெண் எடுத்து ஆடுகிறாள்! இளங்கோவடிகள் இதை எந்தப் பதற்றமும் இன்றிச் சொல்லிச் செல்கிறார். அருச்சுனன் பிருகன்னளையாக ஓராண்டு அந்தப்புரத்தில் நடனம் பயிற்றினான் என்ற பாரதக் கதையையும் நம் குழந்தைகளுக்கு நாம்தான் சொல்லித் தருகிறோம்.

நாடக மேடைக்கு வந்தால் பட்டியல் நீண்டுவிடும், இரண்டொன்று போதும். 1891இல் சென்னையில் தோன்றிய சுகுண விலாச சபையில், பம்மல் சம்பந்த முதலியாரின் நாயகர்களுக்கு நாயகியாக நின்றவர் ரங்கவடிவேலு என்னும் வழக்கறிஞர். பகலிலே நீதிமன்றம், மாலையிலே மேடை! 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பாலர் சபையிலும் அதனைப் பின்பற்றிய கம்பெனிகளிலும் சீதையும் சாவித்திரியும் வள்ளியும் மீசை முளைக்காத சிறுவர்களே. அந்தச் சபையில் வளர்ந்த டி. கே. சண்முகம், பிற்காலத்தில் ஔவை மூதாட்டியாக நடித்துப் பெற்ற புகழினால் 'ஔவை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டார். ஒரு பெண்ணின் பெயர் ஓர் ஆணின் பெயருக்கு முன்னே பட்டம்போல் நின்றது; எவரும் முகஞ்சுளிக்கவில்லை. 1996இல் கமல்ஹாசன் பெண் வேடத்தில் வந்த 'அவ்வை சண்முகி' என்ற திரைப்படத்தின் பெயர் அந்தப் பெரியவரையே நினைவூட்டுகிறது.

இலங்கையிலும் அப்படியே. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலும் யாழ்ப்பாணத்து மேடைகளிலும் பெண் பாத்திரங்களை நெடுங்காலம் ஆடவரே ஏற்றனர். சிங்களச் சகோதரரின் கம்மடுவச் சடங்கில், கப்புறாளை என்னும் பூசகர் பெண்ணுடை தரித்துப் பத்தினித் தெய்வமாக நிற்பார். அந்தப் பத்தினி வேறு யாருமல்லள்; நம் கண்ணகியே. ஜப்பானியரின் கபுக்கி நாடகத்திலும் சேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்திலும் இதே நிலைதான். ஆக, "எந்த நாட்டு வழக்கம்?" என்ற வினாவுக்கு, "எந்த நாட்டில் இல்லை?" என்று எதிர்வினா எழுப்புவதே எளிது.

நாற்காலியில் அமர்ந்த ரதி

ஆனால் இங்கே நாம் அவசரப்படலாகாது. காமன் பொட்டல் ரதியும் கைத்தொலைபேசியில் தோன்றும் கலைஞரும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் இருவருக்கும் அநீதி செய்தவராவோம்.

முதலாவது, வேடம் வேறு, இயல்பு வேறு. ரதியாக ஆடுபவருள் மனைவி மக்களோடு வாழும் குடும்பஸ்தர் பலர். வேடம் கலைந்ததும் அவர்கள் பழைய ஆளாகவே லயத்துக்குத் திரும்புகின்றனர். டிராக் கலைஞரும் பெரும்பாலும் மேடைக்காகவே வேடம் பூணுகிறவர். ஆனால் அவருள் பலர் தம் பாலாரையே விரும்பும் இயல்பினர். அதை மறையாது சொல்லுகிறவர். திருநங்கையோ வேடம் பூணுகிறவர் அல்லர். ஆணாகப் பிறந்தாள் என்று ஊரார் எழுதி வைத்த குறிப்பைத் திருத்திக்கொண்டு பெண்ணாக வாழுகிறவர். இம்மூவரையும் ஒரே கேலிச் சொல்லால் அழைப்பது நம் தெருக்களின் பழக்கம். அச்சொற்களை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை, வாசகர் அறிவர்.

இரண்டாவது வேறுபாடே நமக்கு முக்கியமாகப் படுகிறது. காமன் கூத்திலே ரதி பாடுவாள், ஆடுவாள், அழுவாள். தன்னைப் பற்றிப் பேச மாட்டாள். வேடத்தினுள்ளே இருக்கும் மனிதனை எவரும் எதுவும் கேட்பதில்லை. உரையாடல் நிகழ்ச்சியிலோ பேச்சே முதன்மை. அமெரிக்காவில் 2009இல் ரூபால் என்ற கலைஞர் தொடங்கிய தொலைக்காட்சிப் போட்டி, இவ்வேடக் கலையை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. அப்போட்டியிலே புகழ்பெற்ற டிரிக்ஸி மெட்டல், காட்யா என்னும் இருவர் 2016இல் இணையத்தில் ஓர் உரையாடல் தொடரை ஆரம்பித்தனர். முழு வேடத்தோடு அமர்ந்து ஊர்க்கதை பேசுவதுதான் நிகழ்ச்சி. அதில் வரும் நகைச்சுவை எல்லாம் குடும்பத்தோடு கேட்கத்தக்கது என்று நாம் சான்றிதழ் வழங்க மாட்டோம்; பச்சையான பேச்சும் உண்டு. ஆனால் சிரிப்புக்கு நடுவே, தாய் தந்தையர் தம்மை ஏற்றதும் ஏற்காததும், பள்ளியில் பட்ட அடிகளும், தனிமையும் வந்து விழுகின்றன. வேறொருவர் அவர்களைப் பற்றிப் பேசாமல், அவர்களே தம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே அதிலுள்ள புதுமை.

தமிழில் இவ்வாசல் அதற்கும் முன்னரே திறந்துவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 2008ஆம் ஆண்டிலே, விஜய் தொலைக்காட்சியில் 'இப்படிக்கு ரோஸ்' என்ற உரையாடல் நிகழ்ச்சியை நடத்தியவர் ரோஸ் வெங்கடேசன் என்னும் திருநங்கை, பொறியியல் கற்றவர். விருந்தினராக அழைத்துப் பரிதாபம் காட்டப்பட்டவர் அல்லர். கேள்வி கேட்கும் நாற்காலியில் அமர்ந்தவர். அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. 2019இல் பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர்.

சட்டத்தின் கண்ணிலே வேடம்

நம் நாட்டு நிலை என்ன? இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வெள்ளையர் எழுதி வைத்துவிட்டுப் போனது. அதன் 365ஆம், 365அ பிரிவுகள் ஒரே பாலாரின் உறவைக் குற்றமாக்கின. 1995இல் செய்யப்பட்ட திருத்தம் அதை நீக்குவதற்குப் பதிலாக, அதுவரை ஆண்களுக்கு மட்டும் பொருந்திய 365அ பிரிவைப் பெண்களுக்கும் பொருந்துமாறு விரித்தது. சமத்துவத்தை இப்படியும் வழங்கலாம் போலும்!

பிரேம்நாத் தொலவத்த என்ற பாராளுமன்ற உறுப்பினர் இதனை மாற்றுவதற்கான தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொணர்ந்தார். அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது சட்டமூலம் நிறைவேறாமலே போயிற்று. இந்தியாவிலோ, அதே வெள்ளையர் எழுதி வைத்த 377ஆம் பிரிவு, தமது விருப்பத்தோடு இணையும் வயது வந்தோருக்குப் பொருந்தாது என 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவையெல்லாம் பெருநகரத்து வழக்குகள் என்று எண்ண வேண்டா. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவும் பால் மாறி வாழ்வோர் மீது பிரயோகிக்கப்படுவதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டிற்று. அந்த 399ஆம் பிரிவு எதற்காக ஏற்பட்டது தெரியுமா? ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோரைத் தண்டிப்பதற்காக! சேலை கட்டிய ஆடவன் காமன் பொட்டலில் தெய்வம். பேருந்து நிலையத்தில் ஆள்மாறாட்டக்காரன். இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரம் பலவேளைகளில் இரண்டொரு மைல்தான். அதே 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின் மூலம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறும் வழி ஏற்பட்டது. அச்சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் மாற்றம் செய்துகொள்ளலாம். இச்செய்தி எத்தனை லயங்களுக்கு எட்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். லயக்காம்பராவில் ஒரே அறையில் மூன்று தலைமுறை உறங்கி எழுகிறது. அங்கே ஒருவன் தன் இயல்பைச் சொல்லவும் இடமில்லை, மறைக்கவும் இடமில்லை. கொழும்புக்கு வேலைக்கென்று பேருந்து ஏறுவதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வாசல்.

எரிந்த கட்சி, எரியாத கட்சி

காமன் பண்டிகையோடு சேர்ந்த வேடிக்கை ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. தஞ்சைப் பக்கத்திலே லாவணி என்ற பாட்டுத் தர்க்கம் உண்டு. ஒரு கட்சியார், காமன் எரிந்தான் என்பர். மறு கட்சியார், எரியவேயில்லை என்பர். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்பன அவற்றின் பெயர்கள். இரவு முழுவதும் டேப்பு அடித்துக்கொண்டு, புராணத்தையும் இலக்கணத்தையும் சொந்தக் குறும்பையும் கலந்து, எதிராளியை மடக்குவர். விடியும்போது தீர்ப்பு இராது. அடுத்த ஆண்டும் அதே தர்க்கம். மேடையில் அமர்ந்து வாதிட்டுச் சிரிக்க வைக்கும் நிகழ்ச்சியை இணையம் நமக்குக் கற்பிக்கவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். மன்மதனைச் சாட்சியாக வைத்து, இன்பம் எரியத்தக்கதா, எரியாததா என்று ஊர் நடுவிலே, பெரியோர் சிறியோர் அனைவரும் கேட்கத் தர்க்கித்தவர்கள் நம் முன்னோர்.

அவ்வாறிருக்க, பிள்ளை ஒருவன் இத்தகைய நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் திரையைப் பிடுங்கி எறிவதால் பயன் எதுவும் விளையாது என்பது நம் எண்ணம். பார்ப்பதனால் எவரும் அப்படி ஆகிவிடுவதில்லை. அவ்வாறாயின் இத்தனை ஆண்டுகள் காமன் கூத்துப் பார்த்த தோட்டங்களில் ஆண்களே மிஞ்சியிருக்க மாட்டார்கள். வயதுக்கு ஒவ்வாத பேச்சு இருந்தால் அதைத் தடுப்பது வேறு. அது எந்த நிகழ்ச்சிக்கும் உரிய நியாயம். தமிழ்த் திரைப்படக் காமிக்குகளுக்கும் சேர்த்தே. ஆனால் அப்பிள்ளை அதைப் பார்ப்பது வேடிக்கைக்காகவா, அல்லது தன் மனத்துக்குள்ளிருக்கும் ஒன்றுக்குப் பெயர் தேடியா என்று அறிவதற்கு, அவன் அருகில் அமர்ந்து கேட்பதன்றி வேறு வழியில்லை. வீட்டிலே கேட்காதவனிடம் அவன் சொல்லப் போவதுமில்லை.

மலையகக் கலைகளைப் பற்றி எழுதியோர் கூத்தின் பாடல்களையும் தாளங்களையும் குறித்து வைத்திருக்கின்றனர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் நூலாயின. மாத்தளை வடிவேலன் போன்றோர் பாரம்பரியக் கலைகளைத் தேடி எழுதினர். ரதியாக ஆடியவர்களின் வாய்மொழியே இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. அவ்வேடத்தை ஏன் விரும்பினார்கள், முதன்முதலாகக் கண்ணாடியில் என்ன கண்டார்கள், மாசி கழிந்த பின் பிரட்டுக் களத்தில் எவ்வாறு நடத்தப்பட்டார்கள், விரதம் முடித்து வளையலைக் கழற்றும்போது மனம் என்ன சொல்லிற்று என்ற கேள்விகளைக் கேட்பதற்கு ஒலிப்பதிவுக் கூடம்கூட வேண்டியதில்லை. ஒரு கைத்தொலைபேசி போதும். ரத்தோட்டை, எல்கடுவை, கந்தேநுவரைப் பக்கத்து மாணவர்கள் பள்ளி விடுமுறையில் செய்யக்கூடிய வேலை இது. ஆடி ஓய்ந்த முதியவர்கள் இன்னும் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலையும் ஆகும்.

தோட்டத்து இளைஞர் பலர் இன்று கொழும்பிலே கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றனர். காமன் கட்டுவதானால் அவர்களுக்கு விடுமுறை கிடைத்தாக வேண்டும். பதினைந்து நாள் எந்த முதலாளி தருவார்? ஆகவே ஆட்ட நாட்கள் சுருங்குகின்றன. சில பொட்டல்களில் கம்பம் நடுவதோடு நின்றுவிடுகிறது. கூத்து நடக்கும் இடங்களிலோ, தகனம் முடிந்து மூன்றாம் நாள் மன்மதன் எழுப்பப்படுகிறான். அவன் உருவம் வேறெவருக்கும் தெரியாது என்பது வரம். தப்பு மெல்ல அடிக்க, ரதி ஒருத்திதான் அவனைப் பார்க்கிறாள்.